60 பிள்ளைகள், 12 நாள், ஒரு கல்லூரி விடுதி: கோடைப் படிப்பு முகாமில் யாருக்கு என்ன வேலை?

கேள்வி இது: மே மாதம் ஒரு கல்லூரி விடுதியை எடுத்து, ஒன்பதாம், பத்தாம் வகுப்பு முடித்த 60 பேருக்கு (பையன்கள் 30, பெண் பிள்ளைகள் 30) 12 நாள் தங்கிப் படிக்கும் கணித, அறிவியல் முகாம் நடத்தப் போகிறார்கள். நான்கு ஆசிரியர்கள் தயார். கல்லூரி மாணவர்கள் சிலர் வாலண்டியராக வருகிறார்கள். இன்னும் எத்தனை பேர் வேண்டும், வேலையை எப்படிப் பிரிப்பது?

எண்ணிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். சமையலையும் வாட்ச்மேனையும் சேர்த்து 26 பேர். முகாம் பொறுப்பாளர் ஒருவர், துணைப் பொறுப்பாளர் ஒருவர், இவர் கட்டாயம் பெண், பெண்கள் விடுதியிலேயே தங்குபவர், ஆசிரியர்கள் 4, வாலண்டியர்கள் 10, செவிலியர் 1, ஸ்டோரும் கணக்கும் பார்க்க 1, சமையல் மாஸ்டரும் மூன்று உதவியாட்களும், துப்புரவுக்கு 2, வாட்ச்மேன் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர். "60 பிள்ளைகளுக்கு 26 பேரா?" என்று நிதி கொடுப்பவர் கேட்பார். வகுப்பு நேரம் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்தைத் தாண்டாது, மீதிப் பதினெட்டு மணி நேரமும் அந்தப் பிள்ளைகள் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். முகாமில் கோளாறு நடப்பது பெரும்பாலும் அந்தப் பதினெட்டில்தான். அதிலும் மாலை ஆறு முதல் எட்டு வரையிலும், இரவு விளக்கணைத்த பிறகு முதல் ஒரு மணி நேரமும்.

வாலண்டியர் பத்து என்பதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் இரவு தங்கும் முகாம்களுக்கு வைத்திருக்கும் அளவு, 9 முதல் 14 வயது வரை எட்டுப் பேருக்கு ஒருவர், 15 முதல் 18 வரை பத்துப் பேருக்கு ஒருவர். உங்கள் பிள்ளைகள் இரண்டு வயதுக்கும் நடுவில் நிற்கிறார்கள், அதனால் எட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பையன்கள் நான்கு குழு, பெண்கள் நான்கு குழு, குழுவுக்கு ஒரு வாலண்டியர், அதுபோக ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு மாற்று ஆள். இந்த மாற்று ஆளைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுவார்கள். அவரை வெட்டினால் நான்காம் நாள் யாராவது ஒருவர் காய்ச்சலில் படுக்கும்போது ஒரு குழு அநாதையாகிவிடும். ஆசிரியர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாள் முழுக்கப் பாடம் எடுத்தவர் ராத்திரி பதினோரு மணிக்கு வராந்தாவில் நிற்க மாட்டார், நிற்கவும் கூடாது.

வாலண்டியருக்கு வயது 20 நிரம்பியிருக்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வருகிற 18 வயதுப் பையன், 16 வயதுப் பிள்ளைகளுக்கு நண்பனாகிவிடுவான், அண்ணனாக மாட்டான். இரவு பத்து மணிக்குப் "போய்ப் படு" என்று சொன்னால் கேட்பதற்கு அந்த நான்கு வயது வித்தியாசம் வேண்டியிருக்கிறது.

ஆள் எடுக்கும் வேலையை ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும், காரணம் சட்டம். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள், பிள்ளைகளைத் தங்கவைக்கிற எந்த நிறுவனமும் தன் பணியாளர்களைக் காவல்துறை சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும் என்கின்றன. ஆசிரியர், ஆசிரியரல்லாதவர், நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பேதம் அதில் இல்லை. சமையல் ஒப்பந்தக்காரர் கடைசி நேரத்தில் "நம்ம பையன்தான் சார்" என்று ஒருவரைக் கூட்டிவருவார். பெயர் முன்கூட்டியே தராத ஆள் வளாகத்துக்குள் தங்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அவரிடம் உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிமமோ பதிவோ இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவை 26 பேருக்கும் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். ஒரு பிள்ளை பாலியல் தொல்லைக்கு ஆளானது தெரிந்தாலோ, ஆளாகலாம் என்ற ஐயம் எழுந்தாலோ, காவல்துறைக்குச் சொல்வது ஒவ்வொருவரின் கடமை. "முதலில் நாமே விசாரித்துப் பார்ப்போம்", "பெற்றோர் விருப்பப்பட்டால் பார்ப்போம்" என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஒவ்வொரு மாடியிலும், கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டப்பட்டிருக்கட்டும். நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் பத்துப் பேர் பார்க்க அந்தப் பிள்ளை எண்ணைக் குறித்துக்கொள்ளாது.

இதிலிருந்து பிறக்கும் நடைமுறைகள் நான்கைந்துதான். மூடிய கதவுக்குள் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கக் கூடாது, அது பாடத்தில் சந்தேகம் தீர்ப்பதற்காக இருந்தாலும். பெண்கள் விடுதிப் படியை ஆண் பணியாளர் யாரும் ஏறக் கூடாது. பிளம்பர் போனாலும் துணைப் பொறுப்பாளர் கூடப் போக வேண்டும். பிள்ளைகளின் போன் எண்ணை வாலண்டியர் வாங்குவதும், முகாம் முடிந்த பின் தனியே மெசேஜ் அனுப்புவதும் கிடையாது. படம் எடுப்பது ஒருவர் மட்டும், முகாம் கேமராவில் மட்டும். இவை ஆளை நம்பாததால் வைத்த விதிகள் என்று வாலண்டியர்கள் முகம் சுளிப்பார்கள். வீண் பழியிலிருந்து அவர்களைக் காப்பதும் இதே விதிதான் என்று முதல் நாளே விளக்கிவிடுங்கள்.

இனி வேலைப் பிரிவு. பொதுவாக நடக்கும் தப்பு, ஆளுக்கு ஒரு பதவியைக் கொடுத்துவிடுவது: "நீ ஒழுங்கு, நீ உணவு, நீ விளையாட்டு." பதவி கொடுத்தால் அந்த நேரத்தில் அந்த இடத்தில் யார் என்பது தெரியாது. அதற்குப் பதில் ஒரு பெரிய சார்ட்டில் இடப்பக்கம் நேரத்தை அரை அரை மணியாக எழுதி, மேலே இடங்களை எழுதி (பையன்கள் விடுதி, பெண்கள் விடுதி, சாப்பாட்டுக் கூடம், வகுப்பு, மைதானம், வாசல்), ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயரை எழுதுங்கள். ஒரு கட்டத்தில் இரண்டு பெயர் எழுதினால் முதல் பெயர்தான் பொறுப்பு. "அனைவரும்" என்று எந்தக் கட்டத்திலும் எழுதக் கூடாது. அப்படி எழுதிய கட்டத்தில் போய் நின்று பாருங்கள், ஒருவரும் இருக்க மாட்டார்.

சார்ட்டை எழுதியதும் ஓட்டை எங்கே என்று தானாகத் தெரியும். அனேகமாக அது மாலை 6.15. மைதானத்தில் விளையாட்டு முடிகிறது. பாதிப் பேர் தண்ணீர் குடிக்கப் போகிறார்கள், நாலு பேர் பந்தைத் திருப்பித் தரப் போகிறார்கள், ஒருவன் செருப்பைத் தேடுகிறான், பெண்கள் விடுதிப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மைதானத்தில் இருந்த வாலண்டியர், பிள்ளைகள் விடுதிக்குப் போய்விட்டதாக நினைக்கிறார். விடுதியில் இருப்பவர், இன்னும் மைதானத்திலேயே இருப்பதாக நினைக்கிறார். ஒரு பிள்ளை வளாகத்தை விட்டு வெளியே டீக்கடைக்குப் போய்வர இந்த இருபது நிமிடம் தாராளம். தீர்வு எளிது: மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன் அங்கேயே குழுவாக உட்காரவைத்துப் பெயர் கூப்பிட வேண்டும், குழுவாகவே நடத்திக் கொண்டுபோய் விடுதி வாசலில் அடுத்தவர் கையில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பவர் வாயால் எண்ணிக்கை சொல்ல வேண்டும்: "எட்டுப் பேர், ஒருவன் செவிலியரிடம், ஏழு பேர் இங்கே."

பெயர் கூப்பிடுவது ஒரு நாளைக்கு ஆறு முறை: எழுந்ததும், டிபனில், வகுப்பு தொடங்கும்போது, மைதானத்தை விட்டுக் கிளம்பும்போது, இரவுச் சாப்பாட்டில், விளக்கணைக்கும்போது. தலையை எண்ணினால் போதாது. 60 தலை சரியாக இருக்கும், அதில் ஒன்று பார்வையாளராக வந்த ஆசிரியரின் மகனாக இருக்கும். "உள்ளேன் ஐயா"வை நம்பாமல் முகத்தைப் பார்த்து டிக் அடிக்க வேண்டும். குளியலறையிலிருந்து குரல் கொடுப்பவனை நேரில் பார்க்கும் வரை டிக் கிடையாது. எட்டு எட்டாகப் பிரித்திருப்பதால் ஒரு குழுவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

குழுக்களை அடையாளம் காட்டச் சிலர் கையில் வண்ணக் கயிறு கட்டுவார்கள். தமிழ்நாட்டில், குறிப்பாகத் தென்மாவட்டப் பிள்ளைகள் வரும் முகாமில், அதை மட்டும் செய்யாதீர்கள். கையில் கட்டும் கயிற்றின் நிறம் அங்கே எந்தச் சாதியைச் சொல்கிறது என்பது பிள்ளைகளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். கழுத்தில் அடையாள அட்டை, அதில் குழு எண், அவ்வளவு போதும். அறை ஒதுக்கும்போது ஒரே பள்ளி, ஒரே ஊர்க்காரர்களை ஓர் அறையில் போடாமல் கலைத்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் முணுமுணுப்பு இருக்கும், பிறகு இருக்காது.

இரவுப் பணி. விளக்கு 10 மணிக்கு அணையும். ஒவ்வொரு விடுதியிலும் ஒருவர் விழித்தே இருக்க வேண்டும். முதல் பாதி 10 முதல் 2 வரை, அடுத்த பாதி 2 முதல் 6 வரை. முதல் பாதி பார்த்தவர் காலை 8.30 வரை தூங்கலாம். இரண்டாம் பாதிக்காரர் முன்னிரவில் மூன்று மணி நேரம் போலத் தூங்கியிருப்பார், வகுப்பு தொடங்கியதும் 9 முதல் 12.30 வரை மறுபடி படுக்கப் போகலாம். இந்தத் தூக்கத்தைச் சார்ட்டில் வேலையைப் போலவே எழுதி வையுங்கள், அந்த நேரத்தில் அவரை யாரும் எழுப்பக் கூடாது. எழுதாவிட்டால் என்ன ஆகும் என்றால், இளவட்டங்கள் ராத்திரி அரட்டையும் அடித்துப் பகல் வேலையும் பார்ப்பார்கள், ஐந்தாம் நாள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சுருதி இறங்கும். பிள்ளைகள் மேல் கத்துவது, பெயர் கூப்பிடாமலே டிக் அடிப்பது, மருந்தை மறப்பது எல்லாம் அன்றுதான் ஆரம்பிக்கும். ஆறாம் அல்லது ஏழாம் நாள் ஒவ்வொரு வாலண்டியருக்கும் அரை நாள் முழு விடுப்பு கொடுத்து வளாகத்தை விட்டே வெளியே அனுப்புங்கள்.

விழித்திருப்பவர் ஒரே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போன் பார்ப்பார். அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு தளமும் நடந்து, குளியலறை வரிசையையும் மொட்டைமாடிக் கதவின் பூட்டையும் பார்த்து, நோட்டில் நேரம் எழுத வேண்டும். அறைக்குள் போக வேண்டாம், கதவருகில் நின்று கேட்டால் போதும். குரல் கேட்டால் பரவாயில்லை. முதல் மூன்று இரவும் குசுகுசு இருக்கத்தான் செய்யும். வாயைப் பொத்திக்கொண்டு அழும் சத்தம் கேட்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வீட்டு ஏக்கம் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் இரவில் வரும். முதல் நாள் புதுமையில் ஓடிவிடும். வீட்டுக்குப் போன் பேசும் நேரத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தால் இந்த அழுகை இரட்டிப்பாகும், ஏனென்றால் அம்மா குரலைக் கேட்ட கையோடு பிள்ளை இருட்டில் படுக்கப் போகிறது. பேசும் நேரத்தை மாலை 4.30-க்கு, விளையாட்டுக்கு முன்னால் வையுங்கள். பேசி முடித்ததும் ஓட மைதானம் இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள், ஆளுக்குப் பத்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் போன்கள் பெயர் எழுதிய உறையில், ஸ்டோர் அலமாரியில்.

பாடத்துக்கு வருவோம். ஆசிரியர் வேலை வகுப்பறையோடு முடிவதில்லை என்றாலும், அவருக்கு இரண்டே கடமைகளைக் கூடுதலாக வைத்தால் போதும். ஒன்று, மறுநாள் கணக்குத்தாள் முந்தின நாள் மதியத்துக்குள் அச்சுக்குப் போக வேண்டும். நாளைக்கு மூன்று தாள் வீதம், 66 பிரதி, 11 நாள் என்றால் 2,178 தாள். வீணாவதையும் சேர்த்து 500 தாள் கட்டு ஆறு வாங்கி வையுங்கள். ஜெராக்ஸ் மெஷின் மே மாத வெயிலில் இரவு எட்டு மணிக்குத்தான் மக்கர் பண்ணும், கடையும் அப்போதுதான் மூடும். எனவே எப்போதும் இரண்டு நாள் தாள் கையிருப்பில் இருக்கட்டும். இரண்டு, மாலையில் பதினைந்து நிமிடம் வாலண்டியர்களோடு உட்கார்ந்து இன்று யார் எங்கே தடுமாறினார்கள் என்று பெயர் சொல்லிப் பேச வேண்டும். "பொதுவாக நன்றாகப் போனது" என்பது எதற்கும் உதவாது. "மூன்றாம் குழுவில் அந்தப் பிள்ளை மீப்பெரு பொது வகுத்தி எடுக்கத் தெரிந்தும் கேள்வியின் ஆங்கிலம் புரியாமல் உட்கார்ந்திருந்தாள்" என்பதை வைத்து அன்றிரவே வாலண்டியர் ஏதாவது செய்யலாம்.

அந்த ஆங்கில விஷயம் சின்னதல்ல. தமிழ் வழிப் பிள்ளைகளும் ஆங்கில வழிப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருப்பார்கள். பகா எண், மீதி என்று படித்த பிள்ளைக்கு அதே சங்கதி பிரைம், ரிமெயிண்டர் என்று வந்தால், தெரிந்த கணக்கே தெரியாததாகிவிடும். ஒவ்வொரு தாளின் அடியிலும் அன்றைய ஏழெட்டுக் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் அச்சிடுங்கள். முதல் நாள் காலை 45 நிமிடம் ஒரு சோதனைத்தாள் கொடுத்து நிலை பார்க்கலாம், ஆனால் மதிப்பெண்ணை வெளியே சொல்ல வேண்டாம். தரவரிசை ஒட்டிய முகாமில் மறுநாள் முதல் கீழ்ப்பாதி வாய் திறக்காது.

இரவு 7.30 முதல் 8.30 வரை வாலண்டியரோடு கணக்குப் போடும் நேரம். வாலண்டியர் அந்தத் தாளை முந்தின நாளே தானாகப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும், விடையைப் பார்த்து அல்ல. தானே முக்கால் மணி நேரம் முட்டிக்கொண்டவருக்குத்தான் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரியும். "விடை சொல்லாதே, இதுவரை என்ன முயன்றாய் என்று கேள்" என்பதை அவர்களுக்கு நடித்துக் காட்டியே பழக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் 1957 முதல் நடந்துவரும் ராஸ் கணித முகாமில், ஆலோசகர்களாக வரும் கல்லூரி மாணவர்கள் பிள்ளைகளோடு ஒரே விடுதியில் தங்கி, அவர்கள் எழுதிய கணக்குகளைத் தாங்களே திருத்திக் கொடுக்கிறார்கள். கூடத் தங்குபவரே திருத்தும்போது, சாப்பாட்டு வரிசையில் நிற்கையில்கூடப் பிள்ளை வந்து "அண்ணா, அந்த நாலாவது கணக்கு..." என்று ஆரம்பிக்கும். உங்கள் முகாமுக்கும் இது பொருந்தும், செலவும் இல்லை.

சாப்பாடு, தண்ணீர் இரண்டும் ஸ்டோர் பொறுப்பாளர் கையில். 86 பேர் தங்குகிறார்கள். விடுதிகளுக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணயம். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 12,000 லிட்டர், ஒரு பெரிய டேங்கர் லாரி. கல்லூரிக்காரர் "போர் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்பார். மே மாதத்தில் அந்த போர் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று மோட்டார் போடும் ஆளிடம் தனியாகக் கேளுங்கள், லாரிக்காரர் எண்ணையும் வாங்கி வையுங்கள். தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், அதாவது 12,000 லிட்டருக்கு 30 கிராம். நேரடியாகத் தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல்தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் செய்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பை திறந்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது, புதிதாக வாங்குங்கள். குடிநீர் தனி: ஆளுக்கு மூன்றரை லிட்டர் வீதம் 20 லிட்டர் கேன் 15 வேண்டும்.

மதியச் சோற்றுக்கு 86 பேருக்கு அரிசி பத்து, பத்தரைக் கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு இரண்டு முதல் இரண்டரைக் கிலோ. முதல் இரண்டு நாள் கூச்சத்தில் குறைவாகச் சாப்பிடுவார்கள். அதை வைத்து மாஸ்டர் அளவைக் குறைத்துவிடுவார், மூன்றாம் நாள் கடைசிப் பந்திக்குச் சோறு இருக்காது. பணியாளர்கள் கடைசியில் சாப்பிடுவது மரியாதை. ஆனால் இரவுப் பணிக்குப் போகிறவருக்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.

பரிமாறுவதற்கு அரை மணி முன் ஒருவர் ருசி பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மதியம் மிஞ்சிய சோற்றை இரவு எலுமிச்சை சாதமாகவோ தாளித்த சாதமாகவோ ஆக்க விடாதீர்கள். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் பெருகும் பாக்டீரியா விடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. அன்றிரவு இருபது பேர் வாந்தி எடுக்க இந்த ஒரு சிக்கனம் போதும். மிச்சம் இருந்தால் பன்றி வளர்ப்பவருக்கோ மாட்டுக்கோ போகட்டும்.

குளியலுக்கும் கணக்கு உண்டு. 30 பையன்களுக்கு ஐந்து குளியலறை, ஆளுக்கு எட்டு நிமிடம் என்றால் ஆறு சுற்று, 48 நிமிடம். காலை 6.30-க்கு எல்லோரையும் ஒரே நேரத்தில் அனுப்பினால் டிபன் தாமதம், வகுப்பு தாமதம், நாள் முழுக்கத் தாமதம். இரண்டு குழு காலையில், இரண்டு குழு விளையாட்டு முடிந்த மாலையில் என்று பிரித்துவிடுங்கள்.

செவிலியர் முழு நேரமும் வளாகத்தில் தங்க வேண்டும். வந்து இறங்கும் நாளில் ஒவ்வொரு பிள்ளையின் மருந்தையும், மருத்துவச் சீட்டையும் பெற்றோர் முன்னிலையில் வாங்கிப் பெயர் எழுதிய பையில் வைப்பது அவர் வேலை. மூச்சிரைப்புக்கான இன்ஹேலர் மட்டும் பிள்ளையிடமே இருக்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு இரைக்கும்போது அலமாரிச் சாவியைத் தேடக் கூடாது. வலிப்பு உள்ள பிள்ளைக்கு மேல் கட்டில் வேண்டாம். மேல் கட்டிலுக்கு மேலே சீலிங் ஃபேன் சுற்றுகிற அறைகளில் யாரையுமே மேலே படுக்கவைக்க வேண்டாம். ஒப்புதல் படிவத்தில் பெற்றோர் கையெழுத்திட்ட மருந்தைத் தவிர வேறெதையும், தலைவலி மாத்திரையைக்கூட, வாலண்டியர் தன் பையிலிருந்து எடுத்துத் தரக் கூடாது. மே மாதத்தில் அம்மை எட்டிப் பார்க்கும். உடம்பில் கொப்புளத்தோடு காய்ச்சல் வந்தால் உடனே தனி அறை. அதற்கென்று கழிப்பறை இணைந்த ஓர் அறையை முதலிலேயே காலியாக வையுங்கள். பெண்கள் விடுதியில் நாப்கின் கேட்டு வாங்கும்படி இருக்கக் கூடாது, குளியலறை அலமாரியில் திறந்த பெட்டியில் இருக்க வேண்டும்.

அக்னி நட்சத்திரம் மே 4 முதல் 28 வரை. விளையாட்டு மாலை 5-க்கு முன் வேண்டாம். மைதானத்தில் தண்ணீர்க் கேனும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் இருக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும், அரைப் பொட்டலம் ஒரு டம்ளர் என்ற குத்துமதிப்பு கூடாது. பாம்புக் கடி என்றால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்த மருத்துவமனையில் மருந்து இருக்கிறது என்பதைச் செவிலியர் முகாமுக்கு முந்தின வாரமே நேரில் போய்க் கேட்டு வர வேண்டும். நாய் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் சங்கிலியை முன்கூட்டி முடிவு செய்யுங்கள். செவிலியரும் அந்தக் குழு வாலண்டியரும் போவார்கள். மாற்று வாலண்டியர் குழுவை ஏற்பார். முகாம் பொறுப்பாளர் வளாகத்தை விட்டு அசையக் கூடாது. பதற்றத்தில் அவரே வண்டியில் ஏறிவிட்டால் மீதி 59 பேருக்கு முடிவெடுக்க ஆள் இல்லை. பெற்றோருக்குச் சொல்வது அவர் ஒருவர் மட்டும், வண்டி கிளம்பிய அரை மணிக்குள். வாலண்டியர் எவராவது அதற்குள் ஸ்டேட்டஸ் போட்டால் அறுபது வீட்டிலிருந்தும் போன் வரும். இரவில் ஒரு வண்டி, டிரைவரோடு, வாசலைப் பார்த்து நிறுத்தப்பட்டிருக்கட்டும். ஸ்டோர் பெட்டியில் 10,000 ரூபாய் ரொக்கம் தனியாக இருக்கட்டும், நள்ளிரவில் ஜிபே வேலை செய்யாத ஊர்கள் இன்னும் உண்டு. நடந்ததை அன்றே ஒரு தாளில் எழுத வேண்டும்: நேரம், கண்ணால் பார்த்தது, செய்தது, கையெழுத்து. "பையன் எப்போதும் துடுக்கு" மாதிரிக் கருத்துகள் அதில் வேண்டாம்.

பிள்ளைகள் வருவதற்கு இரண்டு நாள் முன்பே பணியாளர்கள் வந்துவிட வேண்டும். முதல் இரவு எல்லோரும் டார்ச் எடுத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றுங்கள். பகலில் தெரியாதது தெரியும்: எரியாத விளக்கு, மூடியில்லாத சம்ப், பூட்டில்லாத மொட்டைமாடி, சுவர் இடிந்த கிணறு, விடுதிக்குப் பின்னால் புதர். மறுநாள் கல்லூரி நிர்வாகத்திடம் பட்டியலாகக் கொடுத்து, பிள்ளைகள் வருமுன் சரிசெய்யச் சொல்லுங்கள். சரிசெய்ய முடியாத இடத்தில் கயிறு கட்டி, சார்ட்டில் அந்த இடத்துக்கும் ஒரு பெயர் எழுதுங்கள்.

தினமும் இரவு 10.15-க்குப் பணியாளர் கூட்டம், இருபது நிமிடம், நின்றுகொண்டே. உட்கார்ந்தால் நள்ளிரவாகிவிடும். முதல் பாதி இரவுப் பணியில் இருப்பவருக்கு விலக்கு. அவருக்கு வேண்டியதைத் துணைப் பொறுப்பாளர் போய்ச் சொல்வார்.

கடைசி நாள்தான் எல்லோரும் கொஞ்சம் அசருவார்கள். படிவத்தில் பெற்றோர் எழுதிக்கொடுத்த இரண்டு பேரைத் தவிர வேறு யாரிடமும் பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது. "நான் அவளோட சித்தப்பா, வர்ற வழியில கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க" என்று ஒருவர் நிற்பார். உண்மையாகவே சித்தப்பாவாகத்தான் இருப்பார். இருந்தாலும் படிவத்தில் உள்ள எண்ணுக்குப் பொறுப்பாளர் தானே அழைத்து, அப்பாவோ அம்மாவோ சொன்ன பிறகு, அவரது அடையாள அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கித்தான் அனுப்ப வேண்டும். போனையும் மீதி மருந்தையும் திருப்பிக் கொடுத்ததற்கும் அதே வரியில் கையெழுத்து. வாலண்டியர்களை மதியமே கும்பலாகப் பஸ் ஏற்றிவிடாதீர்கள். எப்போதும் ஒரு பிள்ளையின் வீட்டார் பஸ் தாமதமாகி ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வருவார்கள். அதுவரை இரண்டு பேர் கூட இருக்க வேண்டும். அது பெண் பிள்ளையானால் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இரவுச் சாப்பாடும் மாஸ்டரிடம் முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும்.